பூக்காத ஒட்டு

ஆறுச்சாமி குடிக்கிறான் என்று எங்கள் லைன் வீடுகளில் முதலில் சொன்னவள் அவன் பெண்டாட்டி மயிலாத்தாள்தான். வேறு யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. பீடிகூடப் பிடிக்காத ஆள்.

அறுபத்து மூன்றாம் வருஷம். ஆடி பிறந்து ஏழெட்டு நாள் ஆகியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று உக்கடத்துக் குளத்துத் தண்ணீரைக் கரையில் அடித்துக்கொண்டிருந்தது. நடுநடுவே சாரல். துவைத்துப் போட்ட துணி காயாது, காய்ந்தால் பறந்துவிடும். பொழுது சாய்கிற நேரத்தில் மயிலாத்தாள் காற்றுக்கு முதுகைக் காட்டி வாசலில் உட்கார்ந்து கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சந்துமுனையில் ஆறுச்சாமி திரும்பினான். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. கால் தரையைத் தேடித் தேடி விழுந்தது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாங்க ராசா, வாங்க. எங்க போயி ஊத்திட்டு வாரீங்க?"

"கத்தாத புள்ள. தலை சுத்துது."

"ஊத்துனாச் சுத்தத்தானே செய்யும்? மூணு நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கறன். சோத்துல கைய வெக்கறதில்ல. வாயக் கொப்புளிச்சுட்டுச் சொவத்தப் பாத்துப் படுத்துக்கறீங்க."

"பட்டற மருந்து புள்ள அது. ஒட்டற மருந்து."

"எங்கண்ணனும் அப்பிடித்தான் சொன்னான். வார்னீசுங்க, கையில பட்டுப்போச்சுன்னான். கையில பட்டதுக்கா ரெண்டு கண்ணும் போச்சு?"

அவள் அண்ணன் மாசாணம் வெள்ளகோவிலில் தச்சுவேலை செய்தவன். மதுவிலக்கு இருந்த காலம். கள்ளுக்கடை, சாராயக்கடை எதுவும் கிடையாது. மர பாலீஷில் உப்பைப் போட்டுக் கலக்கித் தெளிவை இறுத்துக் குடிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். மாசாணம் அப்படிக் குடித்து ஒருநாள் காலையில் எழுந்து, "ஏன் இன்னும் வெடியல?" என்று கேட்டான். அதன்பிறகு அவனுக்கு விடியவே இல்லை. மயிலாத்தாள்தான் இரண்டு வருஷம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குக் கூட்டிப்போனவள். அந்த வாசனையும் அந்த நடையும் அவளுக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள்.

அவள் சந்து நடுவில் வந்து நின்றாள். "நல்லாக் கேட்டுக்கங்க எல்லாரும். எம்பட ஊட்டுக்காரரு குடிக்கப் பழகிட்டாரு. ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பேன். பொறவும் இப்பிடியே வந்தாருன்னா பொன்னாத்தாளக் கூட்டிட்டு வெள்ளகோயலுக்கு பஸ் ஏறிருவேன். திரும்பி வரமாட்டேன். அப்பறம் ஆரும் வந்து எனக்கு நாயம் சொல்லக்கூடாது."

லைன் முழுக்கத் தலை நீட்டிக் கேட்டது. பொன்னாத்தாளுக்கு ஆறு வயது. அவள் அப்பன் இடுப்புவேட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மாவை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். ஆறுச்சாமி வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

"சுப்பண்ணா," என்று மயிலாத்தாள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அதே பட்டறதானுங்களே. நீங்க ஏன் இப்பிடி வாரதில்லீங்க?"

"நான் வெளிய தாழ்வாரத்துல அறுத்து ராவறவன் அம்மணி. அவன்தான் உள்ள. மருந்து அவன் கையிலதான்."

"ஆமாங்க, கூட்டாளிய நீங்க விட்டுக் குடுப்பீங்களா?" என்று கொள்ளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னதில் பலம் இல்லை. எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பட்டறை முதலாளி பாலகோபால் நாயுடு. மில்களுக்கு மெஷின் மூடி, மீட்டர் மூடி, பேர்ப்பலகை எல்லாம் பெர்ஸ்பெக்ஸில் செய்து கொடுப்போம். கண்ணாடி மாதிரி இருக்கும், விழுந்தால் உடையாது. அந்த வருஷம் முதலாளியின் மாமனார் சுந்தரராஜுலு புது பங்களா கட்டி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதாக இருந்தார். மெட்ராசில் எங்கோ மீன்தொட்டி பார்த்துவிட்டு வந்தாராம். இரும்புச் சட்டம், இடுக்கு அடைக்கிற மக்கு எதுவும் தெரியாமல், ஹால் சுவருக்குள்ளேயே தண்ணீர் நிற்கிறாற்போல ஒரு தொட்டி வேண்டும் என்றார். நாலடி நீளம், இரண்டடி உயரம். மருமகன் சரி என்றுவிட்டார்.

இதற்குப் பசை கிடையாது. ஊசியில் ஏற்றின குளோரோபாரத்தை இரண்டு தகடும் சேர்கிற கோட்டில் ஓட்ட வேண்டும். விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது தானே உள்ளே போகும். போன இடத்தில் இரண்டு தகடும் இளகி ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே தகடாகிவிடும். நான் விளிம்பை அரத்தில் ராவி, உப்புத்தாளில் தேய்த்து, துணியில் மினுக்கிக் கொடுப்பேன். விளிம்பில் மயிரிழை மேடுபள்ளம் இருந்தாலும் மருந்து நின்றுவிடும். நின்றால் குமிழி. குமிழி வழியாகத் தண்ணீர் கசியும். ஆறுச்சாமி மாட்டு ஊசியின் முனையை மழுக்கி வைத்திருந்தான். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் நாலடி ஓட்டுவான். அந்தக் கை கோயமுத்தூரில் வேறு யாருக்கும் இல்லை என்று முதலாளியே சொல்வார். சொல்வதோடு சரி.

முதல் ஒட்டு ஆடி இரண்டாம் தேதி போட்டான். கொஞ்ச நேரத்தில் கோடு முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. மருந்து ஆறும்போது ஈரக்காற்று பட்டால் அப்படித்தான் பூக்கும். சித்திரையில் பூக்காது.

முதலாளி குனிந்து பார்த்தார். "என்னடா இது, தேமல் புடிச்சாப்பல இருக்குது? மாமா நடு ஹால்ல வெக்கறாரு."

"காத்துங்க மொதலாளி. சாரக்காத்து. ஆடி போவட்டுங்க, அப்பறம் போட்டுத் தாரேன்."

"ஆவணில முகூர்த்தம். ஆடி போனப்பறம் போட்டு ஆருக்கு? இந்தத் தகடு பம்பாய்ல இருந்து வரோணும். இன்னொரு தடவ பூத்துதுன்னா தகடும் இல்ல, நீயும் இல்ல."

அன்றைக்கே ஆறுச்சாமி பின்னறையைக் காலி செய்தான். பத்தடிக்கு எட்டடி அறை. இரண்டு ஜன்னலையும் சாத்தி, சாக்கை நாலாக மடித்து ஆணியடித்தான். இடுக்கில் மைதாப் பசை காய்ச்சிக் காகிதம் ஒட்டினான். கதவுக்கடியில் துணி சுருட்டி வைத்தான். துளிக் காற்று வராது. மறுநாள் போட்ட ஒட்டு பூக்கவில்லை. வெளியே தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் காட்டினான். கோடு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"பாத்தீங்களா சுப்பண்ணா? தண்ணியாட்ட இருக்குது" என்று சிரித்தான். கண் இரண்டும் சிவந்து, சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

மருந்துப் பாட்டிலில் சிவப்புக் காகிதம் ஒட்டி இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருந்தது. பட்டறையில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ரங்கராஜிடம் படிக்கச் சொன்னோம். எனக்கு அப்போது தமிழ் எழுத்தே தெரியாது.

ரங்கராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "காத்து வார எடத்துல வெச்சுப் பொழங்கோணுமாம். ஆவியப் புடிக்கக்கூடாதாம். நெருப்புக்குப் பக்கத்துல கொண்டுபோகக்கூடாதாம்."

ஆறுச்சாமி சொன்னான்: "இத எழுதுனவன் ஆடி மாசத்துல கோயமுத்தூர்ல உக்காந்து ஒட்டிருக்கமாட்டானுங்க. காத்து வந்தா பூத்துருமே. அதுக்கு என்ன பண்ணோணும்னு போட்டிருக்குதுங்களா?"

"அது போடல."

"நெருப்புங்கறான், அதும் பொய்யாட்ட இருக்குது." டீ வைக்கிற கரி அடுப்பில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினான். மண்ணெண்ணெய் மாதிரி பற்றவில்லை. சும்மா புகைந்து அடங்கிவிட்டது. எல்லாரும் சிரித்தோம். ரங்கராஜும் சிரித்தார். அன்றோடு அந்தச் சிவப்புக் காகிதத்தை மறந்துவிட்டோம்.

ஆடிப் பதினேழு அன்று மத்தியானம் மயிலாத்தாள் பட்டறைக்கு வந்தாள். கையில் கம்மஞ்சோற்றுத் தூக்கு. சோறு கொடுக்க வரவில்லை, கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எங்கீங்க அவரு?"

"பின்னால அறையில. ஒட்டுப் போட்டுட்டு இருக்கறான் அம்மணி, இப்பத் தொறக்கக்கூடாது."

"தொறக்கக்கூடாதுன்னா அங்கதான் வெச்சிருக்கறாரு."

கேட்காமல் போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளேயிருந்து ஆறுச்சாமியின் சத்தம்: "கதவச் சாத்து! காத்து வருது! ஆருது?"

கதவு சாத்திக்கொண்டது. நான் தாழ்வாரத்தில் அரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறங்க."

"கையில ஊசி இருக்குது புள்ள. பாதிக்கோடு போயிட்டிருக்குது."

"வாயத்தானே தொறக்கச் சொன்னேன், கையவா தொறக்கச் சொன்னேன்?"

அவள் மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தது வெளியே கேட்டது. அப்புறம் அவன்: "என்ன வாசம் வருது?"

"சின்ன வெங்காயம்."

"நீ குடுத்ததுதான். வந்ததுதான் வந்தே, அந்த மூலையப் புடி. ரெண்டு கையிலயும் அழுத்திப் புடி. ஆட்டிப்போடாத, சாமி. நாஞ் சொல்றவரைக்கும் உடாத."

அரைமணி நேரம் அவள் வெளியே வரவில்லை. வந்தபோது கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடினாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓங்கரித்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. முந்தானை நழுவியது அவளுக்குத் தெரியவில்லை.

ரங்கராஜ் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஆடி நோம்பி நாளைக்குத்தானே? அம்மணி இன்னைக்கே ஆரம்பிச்சுட்டாங்களாட்ட இருக்குது!"

தகடு அறுக்கிறவர்கள் சிரித்தார்கள். அவள் எழுந்து தெருவில் இறங்கினாள். கூட வருகிறேன் என்றதற்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பட்டப்பகலில் சுவரைப் பிடித்துப் பிடித்து லைன்வரை நடந்திருக்கிறாள். புருசன் கொண்டுவந்து கொடுத்து இவளும் பழகிக்கொண்டாள் என்று சாயங்காலம் என் வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

அவள் பஸ் ஏறவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சுப்பண்ணா, அவரு குடிக்கலீங்க."

"அதத்தான் அன்னைக்கே சொன்னேன்."

"குடிச்சிருந்தாத் தேவலீங்க. விட்டுப்போட்டுப் போறன்னு மெரட்டலாம். மாசாணியாத்தா முன்னால நிறுத்திச் சத்தியம் வாங்கலாம். இதுக்கு ஆருகிட்டங்க போயிச் சத்தியம் வாங்கறது?"

"ஊருக்கெல்லாம் குடிக்கறான்னு சொல்லிவெச்சியே. அதத் திருப்பிச் சொல்லீரு."

அவள் தலை குனிந்தாள். "இப்பப் போயிச் சொன்னா ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துட்டாங்கன்னு சிரிப்பாங்க. நாலு நாள் போவட்டுங்க."

அன்றைக்கே முதலாளி வீட்டுக்குப் போனாள். கேட்டுக்கு வெளியே நின்று கேட்டாளாம். ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள் சாமி என்று. முதலாளி கோபப்படவில்லை. "ஜன்னல நானாம்மா சாத்துனேன்? உம்புருசன்தான் சாத்துனான். தொறந்துக்கச் சொல்லு. பூத்தா மட்டும் எங்கிட்ட வரவேண்டாம்னு சொல்லு" என்றார்.

ஆறுச்சாமியிடம் வந்து சண்டை போட்டாள். இந்தச் சண்டை மெதுவாகத்தான் நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே பாதிதான் கேட்டது.

"ஒரு சன்னல் மட்டும் தொறந்து வெய்ங்க."

"ஒரு சன்னல் போதும் புள்ள, பூக்கறதுக்கு."

"பூத்தாப் பூக்கட்டுமே! மீனா கேக்கப்போகுது, ஏண்டா பூத்துதுன்னு?"

"மீன் கேக்காது. நான் பாக்கோணுமில்ல?" என்றான். அப்புறம், "இன்னும் ரெண்டே மூலைதான். பொறவு நம்ப ரெண்டு பேரும் பொன்னாத்தாளக் கூட்டிட்டுப் பவானி போயி முங்கிட்டு வல்லாம்" என்றான்.

ஆடி இருபதாம் நாள் விடாத சாரல். சாத்தின அறைக்குள்ளேயும் சுவர் வியர்த்திருந்தது. கடைசி மூலைக்கு முன்னால் துண்டுத்தகட்டில் ஒரு சோதனை ஒட்டுப் போட்டுப் பார்த்தான். பூத்துவிட்டது. முதலாளி வந்து பார்த்தார். வீட்டுக்கு ஆள் விட்டுப் பெரிய குமுட்டி அடுப்பும் ஒரு மூட்டைக் கரியும் வரவழைத்தார்.

"உள்ள வெய்யி. ஈரம் ஓடிப்போகும்."

"நெருப்பு ஆகாதுன்னு அந்தக் காயிதத்துல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பத்தாதுன்னு நாந்தான் அன்னைக்கே ஊத்திக் காட்டுனனே சுப்பண்ணா" என்றான் ஆறுச்சாமி. ரங்கராஜ், "பக்கத்துலதானே வெக்கக்கூடாது? அந்த மூலைல வெச்சுக்கலாம்" என்றார். நான்தான் கரியை ஊதிக் கனியவைத்து அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தேன். என் கையால் வைத்தேன்.

இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தான். இருமிக்கொண்டே வெளியே வந்தான். "தட்டுப்போர் எங்காச்சும் நனைஞ்சு கெடக்குதுங்களா? மக்குன சோளத்தட்டு வாசமா அடிக்குது" என்றான். பட்டறையைச் சுற்றி ஒரு பர்லாங்குக்குத் தட்டுப்போர் கிடையாது. கதவைத் திறந்தபோது எனக்கும் அந்த வாசம் லேசாக அடித்தது. தொண்டை எரிகிறது என்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். தொட்டியை நாலு பேராகத் தூக்கி வெளியே வைத்தோம். எட்டு ஒட்டும் பூக்கவில்லை. முதலாளி சுற்றிச் சுற்றி வந்தார். ஆறுச்சாமியின் தோளைத் தட்டினார்.

அன்று அவன் நேராக நடந்துதான் வீட்டுக்குப் போனான். தள்ளாடவில்லை. மயிலாத்தாள் அரிசியும் பருப்பும் பொங்கி நெய் ஊற்றிப் போட்டாள். நல்லாச் சாப்பிட்டான் என்றாள். நெஞ்சு மட்டும் கட்டினாற்போல இருக்கிறது என்று மிளகுக் கஷாயம் கேட்டானாம். விடியும்போது மூச்சு வாங்கியது. வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை. ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரங்கராஜும் வந்துவிட்டார்.

சின்ன வயது டாக்டர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "என்ன வேலை? என்ன மருந்து?" என்று கேட்டார். குளோரோபாரம் என்றோம். "அந்த ரூம்ல நெருப்பு ஏதாவது இருந்துதா? நெருப்பு பட்டா அந்த ஆவி விஷவாயுவா மாறிரும்" என்றார்.

"நெருப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றார் ரங்கராஜ். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆளுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டுங்க" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். வாய் திறக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆறுச்சாமி போய்விட்டான்.

மூன்றாம் நாள் ஏட்டு விசாரணைக்கு வந்தார். யார் வீட்டிலிருந்தோ நாற்காலி வந்தது. சந்து நடுவில் போட்டு உட்கார்ந்தார். கூட ரங்கராஜ். காகிதம் பறக்காமல் இருக்க ஏட்டு தொடையில் அட்டையை வைத்து அதன்மேல் எழுதினார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆறுச்சாமி குடிப்பானா என்ற ஒரே கேள்விதான் கேட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. நாங்கள் பார்த்ததில்லைங்க, அவன் சம்சாரமே ஊரைக் கூட்டிச் சொல்லுச்சுங்க என்றார்கள். என்னையும் கேட்டார்.

"அந்தப் பொம்பள அப்படிச் சொல்லுச்சா?"

"சொல்லுச்சுங்க. ஆனா அது வந்துங்க, அந்த அறைக்குள்ள..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சொல்லுச்சா, இல்லையா?"

"சொல்லுச்சுங்க."

ரேகை வைத்தேன். ரங்கராஜ் மையைத் துடைக்கத் துணி கொடுத்தார்.

கடைசியில் மயிலாத்தாளைக் கூப்பிட்டார். அவள் அழுகையெல்லாம் முடித்துவிட்டு வந்தவள் மாதிரி நின்றாள்.

"எம்பட ஊட்டுக்காரரு குடிக்கறவரில்லீங்க. பட்டற மருந்துங்க. சன்னலெல்லாம் சாக்கு அடிச்சு வெச்சிருக்குதுங்க. நீங்க வந்து பாருங்க."

"பட்டறைய நேத்தே பாத்தாச்சு. ஜன்னல் திறந்துதான் இருக்குது. சாக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல." ஏட்டு காகிதத்தைப் புரட்டினார். "இந்த லைன்ல பதினோரு பேர், நீ சொல்லிக் கேட்டதா எழுதிக் குடுத்திருக்காங்க. பொய்யா?"

"பொய்யில்லீங்க. நாந்தான் சொன்னேன்."

"அப்புறம் என்னம்மா?"

"தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க."

"பொண்டாட்டிக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

அவள் சுற்றிப் பார்த்தாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள். என் முகத்தையும். "நானும் அந்த அறைக்குள்ள அரைமணி நேரம் நின்னனுங்க. வெளிய வந்தப்ப எனக்கும் அப்பிடித்தான் தள்ளாடுச்சு. இவங்க எல்லாரும் பாத்தாங்க. கேட்டுப்பாருங்க."

ஏட்டு நிமிர்ந்தார். "பாத்தீங்களா?"

"பாத்தமுங்க" என்றது கூட்டம். "தள்ளாடிட்டுத்தான் வந்துச்சுங்க. பட்டப்பகல்ல."

"இப்பத் தெரியுதுங்களா?" மயிலாத்தாளின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "அவரு குடிச்சவருன்னா நானுங் குடிச்சவதானுங்க. அத எழுதிக்கங்க!"

எழுதினார். நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல் எழுதினார். எழுதி முடித்து, சட்டப்படி படித்துக் காட்ட வேண்டும் என்று படித்தார்.

"மேற்படி இறந்துபோன நபருக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று அவர் மனைவி பலர் முன்னிலையில் கூறியது உண்மை. மேற்படி மனைவிக்கும் அப்பழக்கம் உண்டு என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறார்."

"சரியா இருக்குதாம்மா?" என்றார்.

மயிலாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னாத்தாள் அவள் சேலைக்குள் புகுந்துகொண்டிருந்தாள். ரங்கராஜ் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அவள் கை தானாக எழவில்லை. ஏட்டுதான் மணிக்கட்டைப் பிடித்து, பெருவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தி எடுத்தார்.